எட்டு ராத்தல் நரம்பு

இரவுப் பணி முடிந்து காலை ஏழேகாலுக்கு,
காதில் கருவி அழுத்திய தடத்தோடே
கடைக்குள் நுழைந்தேன்.
இந்தப் பக்கம் மான் வேட்டைத் தோட்டா,
அந்தப் பக்கம் நாய்த்தீனி மூட்டை,
நடுவில் சுவர் முழுக்கப் பொய்கள்:
ரப்பரில் தவளை, மரத்தில் எலி,
கண் வரைந்த தகரம், பாவாடை கட்டிய ஈயம்.
மீனுக்கு முன்னால் ஆளைப் பிடிக்கச் செய்தவை.
என்னிடம் அறுபது டாலர்.

கல்லாவில் டெல்மர்.
போன ஜனவரியில் அவன் அம்மா
குளியலறையில் விழுந்தபோது
"வாசல் விளக்கைப் போடு, மூச்சை எண்ணு,
எனக்குக் கேட்கும்படி எண்ணு" என்றது நான்தான்.
சொல்லவில்லை.
"உங்க குரலை எங்கேயோ..." என்றான்.
"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றேன்.

"எங்கே போடப் போறீங்க?"
"கிளைபர்ன் பண்ணைக் குட்டை. மாடு இறங்குற பக்கம்."
"படகு?"
"இல்லை."
"முன்னே பிடிச்சிருக்கீங்களா?"
"சளி."
சிரித்துக்கொண்டே மேல்தட்டுக்குக் கை நீட்டினான்,
நூற்றெண்பது டாலர்.
ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும்,
இது வெறும் குட்டை.

ஆறரை அடிக் கம்பு, நடுத்தர விறைப்பு.
கம்பின் மேல் உட்காரும் சுருள்
முதல் நாளே குருவிக்கூடு கட்டிவிடுமாம்;
அடியில் தொங்குவதை எடுத்துக்கொண்டேன்.
நரம்பு எட்டு ராத்தல்.
"பெருசு மாட்டினா?"
மாட்டட்டும், பேசிக்கொள்ளலாம்.
முள் ஐந்து. தோட்டா வடிவ ஈயம் நான்கு.
பூசணிப் பச்சையில் ரப்பர் புழு ஒரு பொட்டலம்.
கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு என்றான்,
சரி, அதிலும் ஒன்று.

கடைசியாகச் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு தக்கை.
"புதுசா வர்றவங்களுக்கு இதான்.
முங்கினா இழுங்க. கண்ணு இருந்தாப் போதும்."
அதை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

பதினோரு வருடமாகக் கண்ணுக்கு வேலையில்லாத வேலை.
வாய் திறக்க முடியாதவர்களும் அழைக்கிறார்கள்.
பேச வேண்டாம் என்பேன்,
அவன் அறைக்குள் இருந்தால் ஒரு தட்டு,
இல்லையென்றால் இரண்டு.
போர்வைக்கடியிலிருந்து
நகம் கண்ணாடியில் படும் ஒரு டொக்.
அதை நம்பி இருட்டுக்குள் கார் அனுப்புவேன்.
பிறகு அந்த வீட்டில் என்ன ஆனதென்று
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
அடுத்த விளக்கு எரியும். எடுக்க வேண்டும்.

முதல் வீச்சு வில்லோ மரத்துக்கு.
இரண்டாவது என் தொப்பிக்கு.
ஒரு கிடாரி அசைபோடுவதை நிறுத்திப் பார்த்தது.
ஐந்தாவதோ ஆறாவதோ தண்ணீரில் விழுந்தது.
நரம்பு தொய்ந்து இறங்கியது.
ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.
சேறு என்றால் சத்தமில்லை.
சுள்ளி என்றால் வறட்டு இழுப்பு.
கல், பல்லில் மணல் பட்டதுபோல.

டொக். டொக்.

இரண்டு.
இரண்டு என்றால் அவன் அறையில் இல்லை.
என் கைக்கு வேறு அர்த்தம் தெரியாது.
கம்பை இழுக்காமல் நின்றேன்,
"சரிம்மா, இருக்கேன்" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.
நரம்பு பக்கவாட்டில் நடக்கத் தொடங்கிய பிறகுதான்
குட்டை நினைவுக்கு வந்தது.

ஒன்றரை ராத்தல் இருக்கும் அந்த பாஸ்.
உடம்பில் பாதி வாய்.
தாடைக்குள் கட்டைவிரலை வைத்துத் தூக்கினேன்,
அவ்வளவு பெரிய வாயில் ஒரு சொல் இல்லை.
முள்ளைக் கழற்றினேன். முழங்கால் நனைய உட்கார்ந்து
தண்ணீருக்குள் கையைத் திறந்தேன்.
செவுள் இரண்டு முறை அசைந்தது,
பிறகு வால், பிறகு கலங்கல்,
பிறகு கலங்கல் தெளிகிற வரைக்கும்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புழுவின் வால் போயிற்று. ஈயம் ஒன்று மரத்தில்.
கறுப்புப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.